இடப்பக்கத்து அடுக்கு

அவருக்குப் பூட்டு என்று பெயர் வைத்தது அவருடைய மனைவிதான். கல்யாணமான புதிதில் வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர் அது. ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலையிடத்துக்கு வந்தவள், வாசலில் நின்ற வாட்ச்மேனிடம், "எங்க வீட்டுப் பூட்டு உள்ள இருக்காருங்களா?" என்று கேட்டுத் தொலைத்தாள். வாட்ச்மேன் அதை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சிரித்தார். அன்றிலிருந்து டாக்டர்கள் முதல் தரை துடைக்கும் பெண்கள் வரை எல்லாருக்கும் அவர் பூட்டுதான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது.

பெயரில் பிழையொன்றும் இல்லை. மனிதர் அப்படியொரு கல்லுளிமங்கன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவர்போல இருப்பார். 'ஆமாம்' என்பதற்கு ஒரு 'ம்', 'இல்லை' என்பதற்குக் கொஞ்சம் இழுத்து இன்னொரு 'ம்', சந்தேகமாக இருந்தால் ஒரு தலையசைப்பு. இதை வைத்துக்கொண்டே பாதி ஆயுளை ஓட்டிவிட்டார். அதற்காக அவரைக் கர்வம் பிடித்தவர் என்று யாரும் சொன்னதில்லை. தன்னிடம் பேச ஒன்றுமில்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார். இப்படி நம்புகிறவர்களோடு குடித்தனம் நடத்துவது எப்பேர்ப்பட்ட தண்டனை என்பது அவர்களுக்கு மட்டும் தெரிவதே இல்லை.

வேலை எலிக்கூடத்தில். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் கட்டடம் ஒன்று இருந்தது. அதன் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நீளமான அறை. இரண்டு பக்கச் சுவரிலும் இரும்பு அடுக்குகள். அடுக்குகளில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூண்டுகள். கூண்டுகளில் வெள்ளை எலிகள். ஈரமான மரத்தூளை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுத்தூள் பரப்புவது, தீனி போடுவது, தண்ணீர்ப் பாட்டில்களைக் கழுவி மாட்டுவது, சோதனைக்குக் கேட்டால் கேட்ட கூண்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. கண்ணுங்கருத்துமாகச் செய்வார். ஒவ்வொரு சோதனையும் முடிந்த பிறகு எலிகளைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அவற்றின் மூளையை எடுத்து ஆராய்வார்கள். அதற்கு 'அனுப்புறது' என்று பேர். கொல்வது என்று அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்வதில்லை. படித்தவர்களுக்கு நல்ல வார்த்தைக்கா பஞ்சம்?

பிள்ளைகள் இல்லை. மனைவிக்கு நடுவயதில் ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. எதற்குப் பயம் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வெளிச்சம் சரியத் தொடங்கினால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்த்துக் கொட்டும். சாப்பாட்டுப் பையோடு தனியாகக் கிளம்பி வந்தவள், பிறகு தெருமுனைக் கடைக்குப் போகக்கூட நிலைப்படியைத் தாண்ட முடியாதவளாகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதை விழுங்கிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மார்க்குக்குக் காத்திருப்பதுபோலக் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். பயம் போகாது. ஆனால் ஒருநாளும் மாத்திரையைக் குறை சொன்னதில்லை.

"மருந்துல தப்பில்லைங்க. எல்லாருக்கும் கேக்குதாமே. எனக்குத்தான் மனசுல தெம்பு பத்தல."

இப்படிச் சொல்லித் தன்னையே நொந்துகொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏதாவது பேசுங்களேன். என்ன வேணா பேசுங்க. சத்தம் இருந்தா போதும்" என்பாள்.

என்ன பேசுவது? தூள் மாற்றினேன், பாட்டில் கழுவினேன் என்றா? "ம்" என்பார் பூட்டு. பிறகு எழுந்து ரேடியோவைப் போட்டுவிடுவார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, அது நெஞ்சில் இறங்கி, அவள் போய்ச் சேர்ந்தாள்.

அவள் போன பிறகுதான் அந்த வீட்டில் எவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. அவ்வளவும் அவளுடையது. இப்போது கதவு திறக்கும் சத்தம், டம்ளரை வைக்கும் சத்தம், செருப்பைக் கழற்றும் சத்தம், எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. ரேடியோவை அவர் தொடவில்லை. சொல்லப்போனால் அந்தப் பக்கம் பார்க்கவே கூசியது.

பேச்சு வந்தது எலிக்கூடத்தில். ஒரு மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தவர், தன்னை அறியாமல், "இன்னைக்கும் கொழம்புல உப்பு கூடிப் போச்சு" என்றார். தன் குரல்தானா என்று அவரே திடுக்கிட்டார். எதிரே இருந்த கூண்டில் ஒரு எலி முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தது. கேட்கிறது என்று நினைத்தார். கேட்கிற ஒரு முகம் கிடைத்தால் மனுஷன் என்ன செய்வான்? மறுநாளும் சொன்னார். பிறகு அது தினப்படி வழக்கமாகிவிட்டது. மத்தியான வேலை முடிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்வார். "கேட்டியா" என்று ஆரம்பிப்பார். குழாய் ஒழுகுவது, சட்டைப் பித்தான் அறுந்தது, பஸ்ஸில் ஒருத்தன் காலை மிதித்துவிட்டு அவரையே முறைத்தது, எல்லாம் வரும். பேசும்போது ஒவ்வொரு கூண்டாகத் திறந்து கையை உள்ளே வைப்பார். எலிகள் மோந்து பார்க்கும், உள்ளங்கையில் ஏறி உட்காரும், சில அங்கேயே தூங்கிப்போகும்.

இதெல்லாம் இடப்பக்கத்து அடுக்குக்கு மட்டும்தான். வலப்பக்கத்து அடுக்குக்கு மேலே குளிர்க் காற்று மெஷின் இருந்தது. அது சதா உறுமிக்கொண்டிருக்கும். கீழே உட்கார்ந்தால் முழங்கால் விறைத்துவிடும். அந்தப் பக்கம் வேலையைக் குறையில்லாமல் முடிப்பார், ஆனால் நிற்க மாட்டார். அதில் ஓரவஞ்சனை ஒன்றும் இல்லை. அவர் முழங்கால் செய்த முடிவு அது.

இந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா தன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நாற்பது வயதுக்காரர், நறுக்குத் தெறித்தாற்போலப் பேசுவார், எல்லாரையும் வாய் நிறைய அண்ணே, அக்கா என்று கூப்பிடுவார். காரணமில்லாத பயத்துக்கு ஒரு புது மருந்து. பாதி எலிகளுக்கு மருந்து கலந்த சொட்டு, மீதிப் பாதிக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர்ச் சொட்டு. சில வாரம் கழித்து ஒவ்வொன்றையும் ஒரு பெரிய பெட்டிக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். பயந்த எலி சுவரோரமாகவே ஒண்டிக்கொண்டு ஓடும். பயம் தெளிந்த எலி நடுவே வந்து சுற்றிப் பார்க்கும்.

கூண்டுகளை எப்படி அடுக்குவது என்று பேச்சு வந்தபோது பூட்டுதான் ஒரு வேண்டுகோள் வைத்தார். அவர் வாய் திறந்து கேட்டதே அபூர்வம்.

"கலந்து வெச்சா கூண்டு மாறிப் போயிடும்மா. மருந்து எலிங்க ஒரு பக்கம், மத்தது ஒரு பக்கம் இருந்தா எனக்குச் சொகமா இருக்கும்."

டாக்டரம்மா ஒரு கணம் யோசித்தார். இடத்தால் வித்தியாசம் வந்துவிடாமல் இருக்கக் கலந்துதான் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. ஆனால் மருந்து மாறிப் போவதைவிட இது பரவாயில்லை என்று பட்டது. அதோடு பூட்டே வாய் திறந்து கேட்கிறார், இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. "சரிண்ணே, இடப்பக்கம் மருந்து" என்றார். பச்சை அட்டைகள் இடப்பக்கத்துக் கூண்டுகளில் தொங்கின.

முடிவு எல்லாரும் மூக்கில் விரல் வைக்கும்படி வந்தது. பச்சை அட்டை எலிகள் பெட்டிக்குள் இறங்கியதும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைபோல நடுவில் போய் நின்றன. மற்றவை சுவரை விட்டு நகரவில்லை. மருந்து கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். அடுத்த வருஷமே மனுஷர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று பேச்சு ஓடியது. டாக்டரம்மாவின் பல வருஷ உழைப்பு அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பாக வந்து உட்கார்ந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் கூண்டோடு நின்ற பூட்டுக்கும் சந்தோஷம்தான். மனைவி இருந்திருந்தால் இந்த மாத்திரையாவது அவளுக்குக் கேட்டிருக்குமே என்று நினைத்தார்.

எல்லாரும் போன பிறகு கூண்டுகளைக் கழுவத் தொடங்கினார். இடப்பக்கத்து அடுக்கின் கீழ் வரிசையில் ஒரு நொண்டி எலி இருந்தது. வந்த அன்றே பின்னங்கால் அடிபட்டிருந்ததால் டாக்டரம்மா அதைச் சோதனையில் சேர்க்கவில்லை. அதற்கு மருந்தும் இல்லை, சொட்டும் இல்லை, அட்டையும் இல்லை. அதன் கூண்டைக் கழுவும் வரைக்கும் இருக்கட்டும் என்று சும்மா அதைப் பெட்டிக்குள் விட்டார்.

நொண்டி ஒரு தரம் மோந்து பார்த்தது. பிறகு காலை இழுத்துக்கொண்டு நேராகப் பெட்டியின் நடுவுக்குப் போய், நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டது.

பூட்டு கூண்டைக் கீழே வைத்தார். கை ஈரத்தோடு அப்படியே நின்றார். பிறகு வலப்பக்கத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார். அது சுவரோரம் ஒண்டியது. இடப்பக்கத்திலிருந்து இன்னொன்று. நடுவுக்கு வந்தது. மறுபடியும் நொண்டி. மறுபடியும் நடுவுக்கு வந்தது. நொண்டி மருந்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அது கண்டதெல்லாம் அவர் கையும் அவர் குரலும்தான்.

அடுத்த சில நாட்கள் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் டாக்டரம்மாவின் உழைப்பில் மண். சொன்னால் ஆராய்ச்சியை முதலிலிருந்து நடத்த வேண்டும். இன்னொரு கூட்டம் எலிகள் வரும், அவற்றையும் அனுப்ப வேண்டும், அத்தனை சாவும் தன் வாயால் வந்ததாகும். எல்லாவற்றுக்கும் மேலே வெட்கம். பூட்டு எலிகளோடு பேசுகிறான் என்று தெரிந்தால் வாட்ச்மேன் சாகும் வரைக்கும் சிரிப்பார். மென்று முழுங்கிவிடலாம் என்றுதான் தீர்மானித்தார்.

அந்தத் தீர்மானத்தை ஆஸ்பத்திரி வாசல் கெடுத்தது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, மருந்து வாங்கும் ஜன்னல் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் மாத்திரை உறை. அதைத் திறக்கவில்லை, மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். உள்ளங்கை ஈரம் பட்டு உறை நசுங்கியிருந்தது. அந்தக் கையை அவருக்குத் தெரியும். நாளைக்கு டாக்டரம்மாவின் மாத்திரை அந்த உறையில் இருக்கும். அது கேட்காதபோது அவள் என்ன சொல்வாள் என்பதும் அவருக்குத் தெரியும். மருந்தில் தப்பில்லை, எல்லாருக்கும் கேட்கிறதாம், எனக்குத்தான் தெம்பு இல்லை.

அவர் எலிக்கூடத்துக்குப் போகவில்லை. நேராக மாடியேறினார்.

டாக்டரம்மா மேஜையிலிருந்து நிமிர்ந்தார். "என்னண்ணே, மேல வரைக்கும்? தீனி தீந்துபோச்சா?"

"இல்லம்மா." வார்த்தைக்குத் தடவினார். "நான் பேசினேன்."

"யார்கிட்ட?"

"எலிங்ககிட்ட."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நீங்களா? எங்ககிட்டப் பேசவே உங்களுக்குக் காசு குடுக்கணும். சரி, பேசினா என்ன? பேசிட்டுப் போங்க."

"தெனமும் பேசினேம்மா. கையும் வெச்சேன், கூண்டுக்குள்ள. எடப்பக்கம் மட்டும்."

சிரிப்பு நின்றது. "வலப்பக்கம்?"

"அங்க முழங்கால் வலிக்கும்."

"அண்ணே, விளையாடாதீங்க. யாராச்சும் சொல்லச் சொன்னாங்களா?"

பூட்டு நொண்டியைப் பற்றிச் சொன்னார். மனைவியைப் பற்றியும் சொன்னார், அவள் மாத்திரையோடு உட்கார்ந்திருந்ததை, தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டதை. அவ்வளவு நீளமாக அவர் எந்த மனுஷரிடமும் பேசியதில்லை. டாக்டரம்மாவுக்கு அப்போதும் நம்ப முடியவில்லை. நம்ப விருப்பமில்லை என்பதும் உண்மை. "வாங்க, எனக்குக் காட்டுங்க" என்று எழுந்தார்.

கூடத்துக்குள் போய்க் கதவருகில் நின்றுகொண்டார். "ம், பேசுங்க."

பூட்டுக்கு வாய் வரவில்லை. காது மடல் சூடாகிவிட்டது. தன் வீட்டுக் கட்டிலையும் தலையணையையும் நடுத்தெருவில் கொண்டுவந்து போட்டதுபோல இருந்தது. கடைசியில் டாக்டரம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கேட்டியா... குழாய் இன்னும் ஒழுகுது. ஆளைக் கூட்டியாரணும். உன் செருப்பு வாசல்லயே கெடக்குது. எடுத்து உள்ள வெக்கலாம்னுதான் பாக்கறேன். உள்ள வெச்சப்புறம் நீ வெளிய போகணும்னா என்ன பண்றதுன்னு அப்படியே விட்டுட்டேன். நீதான் போக மாட்டியே..."

இடப்பக்கத்துக் கூண்டுகளில் மரத்தூள் சரசரத்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு வரிசை வரிசையாக எலிகள் கூண்டின் முன்பக்கத்துக்கு வந்து நிமிர்ந்து நின்றன. நொண்டியும் வந்தது. வலப்பக்கத்தில் ஒன்றும் அசையவில்லை. அங்கே எலிகள் பின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடந்தன.

டாக்டரம்மா கதவைச் சாத்தினார். பிறகு கேட்டார்: "இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா."

இதை இப்படியே மூடிவிடலாமா என்பதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம் என்று பூட்டுக்குப் புரிந்தது. பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா நொண்டியின் கூண்டருகில் போய்க் குனிந்து பார்த்தார். அது பிளாஸ்டிக்கின்மேல் மூக்கை வைத்து அவரை மோந்து பார்த்தது.

"கலந்து வெக்கணும்னு எனக்குத் தெரியும்ண்ணே. தெரிஞ்சும் சரின்னேன். தப்பு என்னுது."

"நான்தானே கேட்டேன்."

"கேக்கறவங்க கேப்பாங்க. நான் சொல்லியிருக்கணும்." நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கம்பெனிக்கு நானே சொல்லிடறேன். இன்னைக்கே."

சொன்னார். அதற்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் கைதட்ட வரவில்லை. டாக்டரம்மாவுக்கு வரவிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. மேல்மாடியில் இரண்டொருவர் அவர் காதுபட, எலிக்காரன் பேச்சைக் கேட்டுக் கெட்டவர் என்று சொன்னார்கள். டாக்டரம்மா அதற்கெல்லாம் காதுகொடுக்காமல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க அனுமதி வாங்கினார்.

பழைய எலிகளை அனுப்ப வேண்டியிருந்தது. நொண்டியையாவது வைத்துக்கொள்ளலாமா என்று பூட்டு கேட்டார். சோதனைக்கு வந்த எலி வெளியே போகக் கூடாது, அது சட்டம். இடப்பக்கத்துக் கூண்டுகளை ஒவ்வொன்றாக அவரே தூக்கிக்கொண்டு போனார். எலிகள் அவர் கைதானே என்று பயமில்லாமல் ஏறி உட்கார்ந்து வந்தன. மற்றவற்றைப் போலக் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

புது எலிகள் வந்த அன்று டாக்டரம்மா கீழே வந்தார். இந்த முறை கூண்டுகள் இரண்டு அடுக்கிலும் கலந்து இருந்தன. எதற்கு மருந்து என்பது பூட்டுக்குத் தெரியாது.

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருக்கணும்ண்ணே. எதுக்கும் கூட, எதுக்கும் கொறைச்சல்னு இருக்கக் கூடாது. அதுதான் நியாயம். ரெண்டு வழி இருக்கு. எல்லாத்துகிட்டயும் பேசலாம், கை வெக்கலாம், ஆனா ஒரே அளவு. இல்ல, எதுகிட்டயும் பேசக் கூடாது. உங்களால ஒரே அளவா பேச முடியுமா?"

முடியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டாக்டரம்மாவின் கண்ணிலும் அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்ற ஆசை தெரிந்தது. அவர் வாயைத் திறந்தால் அறை நிறைய எலிகள் நிமிர்ந்து கேட்டிருக்கும். அவர் நின்று யோசித்துப் பார்த்தார். ஒரு கூண்டுக்குக் குழாயைப் பற்றி, இன்னொன்றுக்குச் செருப்பைப் பற்றி. ஒன்று கையில் தூங்கிப்போனால் எழுப்பிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். அழுகை வருகிற இடத்தில் நிறுத்த வேண்டும்.

"முடியாதும்மா. அதை அளந்து ஊத்தத் தெரியாது எனக்கு."

"பொய் சொல்லியிருக்கலாமே."

"ம்" என்றார் பூட்டு.

"வேற ஆளைப் போடச் சொல்றாங்க மேல. நான் மாட்டேன்னுட்டேன். எனக்கு இந்த அறைக்கு நீங்கதான் வேணும்."

கதவில் 'உள்ளே பேசக் கூடாது' என்று அட்டை மாட்டினார்கள். வாட்ச்மேனுக்கு அதைப் பார்த்துக் கொண்டாட்டம். "பூட்டுக்கே பூட்டா?" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்த அட்டை யாருக்காகத் தொங்குகிறது என்று டாக்டரம்மாவையும் பூட்டையும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அந்த மாதங்களை அவர் எப்படிக் கழித்தார் என்று கேட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தூள் மாற்றினார், தீனி போட்டார், கைப்பிடி நீண்ட இடுக்கியால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எடுத்து ஒரே மாதிரி வைத்தார். ஸ்டூலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். சில மத்தியானங்களில் உதடு தானாகவே 'கே' என்று குவியும், பல்லைக் கடித்துக்கொள்வார். இருமல் வந்தால் வெளியே ஓடிப் போய் இருமிவிட்டு வருவார். அவர் கூண்டைத் திறந்ததும் எலிகள் பின் மூலைக்குப் பாய்ந்தன. இரண்டு அடுக்கிலும்தான். முன்பு இடப்பக்கத்து எலி எதுவும் அவரைக் கண்டு ஓடியதில்லை. அது அவருக்கு வலித்தது. ஒவ்வொரு தடவையும் வலித்தது, பழகவே இல்லை.

வீட்டில் பேசிப் பார்த்தார். சுவர் சுவராகவே இருந்தது. ஒருநாள் மாலை வாசலில் நின்று வாட்ச்மேனிடம், "நேத்து எங்க வீட்டுக் குழாய்..." என்று ஆரம்பித்தார். வாட்ச்மேன் ஆச்சரியத்தோடு வாயைப் பிளந்த நேரம் அவர் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு, "என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றார். ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டுப் பூட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா தானே இறங்கி வந்து சொன்னார். மதியம் கழிந்த நேரம். பூட்டு பாட்டில்களை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லா எலியும் சுவரோரமாத்தான் ஓடிச்சு. மருந்து குடிச்சதும், குடிக்காததும். ஒரு வித்தியாசமும் இல்லண்ணே. அந்த மருந்துல ஒண்ணுமே இல்ல."

பூட்டு ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் ஒன்றுமில்லாத மருந்தை நம்பித் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. அது வரைக்கும் சரிதான். ஆனால் அந்த மருந்தில் ஒன்றும் இல்லை என்றால், முதல் கூட்டத்து எலிகளுக்கு எதனால் பயம் போயிற்று? அதுவும் அவருக்கு இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது. மாத்திரையை விழுங்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, ஏதாவது பேசுங்களேன் என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாளே, அதுதான். அவர் கையிலேயே இருந்திருக்கிறது, அத்தனை வருஷமும்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் டாக்டரம்மா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு. "நீங்க சொல்லலேன்னா நாம என்ன பண்ணியிருப்போம்னு நெனச்சாலே..."

"இதுங்களை எப்ப அனுப்பணும்மா?"

"நாளைக்குக் காலைல."

"சோதனை முடிஞ்சிருச்சு இல்ல?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

"அப்ப... இனிமே பேசலாமாம்மா?"

டாக்டரம்மா கதவில் தொங்கிய அட்டையைக் கழற்றித் தன் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

பூட்டு வெளியே போய் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்த முறை இடப்பக்கம் போடவில்லை. இரண்டு அடுக்குக்கும் நடுவில், குளிர்க் காற்று நேராக முழங்காலில் அடிக்கும் இடத்தில் போட்டு உட்கார்ந்தார். "கேட்டியா" என்றார். இவ்வளவு நாள் பூட்டிக் கிடந்த குரல் கரகரத்தது. அந்தச் சத்தத்துக்கே எல்லா எலிகளும் அலறிப் புடைத்துக்கொண்டு மூலைக்கு ஓடின.

ஒரு கூண்டைத் திறந்து கையை உள்ளே வைத்தார். எலி தூளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். உப்பு கூடிப்போனதைச் சொன்னார். குழாயைச் சொன்னார், செருப்பைச் சொன்னார். பிறகு இதுவரை எந்த எலியிடமும் சொல்லாததைச் சொன்னார். "நீ பேசச் சொன்னப்ப ரேடியோவைப் போட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன். தூங்க மாட்டேன். நீ முழிச்சிருக்கேன்னு தெரியும். தெரிஞ்சும் படுத்திருப்பேன்." வேலை முடிகிற மணி அடித்தது. தாழ்வாரத்தில் எல்லாரும் பேசிக்கொண்டே போகிற சத்தம் கேட்டு அடங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை.

ஒரு எலியும் மூலையை விட்டு வரவில்லை. வரப்போவதில்லை என்றும் அவருக்குத் தெரியும். ஒரு சாயங்காலத்தில் போகிற பயமா அது? இருந்தாலும் என்ன வேணா பேசுங்க, சத்தம் இருந்தா போதும் என்றுதானே அவள் கேட்டாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.